லஃப்தாவுக்குக் கொடுக்காத பேனா

மிஸ்பானின் சட்டைப் பையில் அந்தத் தோட்டாக்கூட்டுப் பேனா இருந்தது. ஹாஜி முத்தஷரின் பையில் இருந்தது. சந்து முனையில் கோழி உரிக்கிறவன், ரத்தக்கறையோடு ஊரைச் சுற்றுகிறவன், அவன் பையில்கூட ஒன்று பளபளவென்று நின்றது. லஃப்தாவின் பையில் மட்டும் இல்லை. அதைச் செய்த ஜாஸிப் அவனுக்குக் கொடுக்கவில்லை.

வருஷக்கணக்காக இது லஃப்தாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மனைவியிடம் ஒரே ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னான். "எழுதத் தெரியாத மனுஷனுக்குப் பேனா எதுக்கு?" என்றாள் அவள். "பையில குத்திக்கிறதுக்கு எழுதத் தெரியணுமாடீ?" என்று எரிந்து விழுந்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஜாஸிப்பிடம் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

அவனுக்கு வலித்ததில் நியாயம் இருந்தது. அமாரா நகரத்திலிருந்து கஹ்லா போகிற சாலையில் லஃப்தாவுக்குக் காயலான் கடை. எல்லைப்பக்கத்துப் பொட்டலில் ஆடு மேய்க்கிறவர்கள் பழைய சண்டையின் தோட்டாக்கூடுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் நல்ல பித்தளையாகப் பிரித்தெடுத்து ஜாஸிப்பின் பட்டறைக்குச் சுமந்தவன் லஃப்தா. அந்தச் சண்டையிலேயே இரண்டு பேரும் மீசை முளைக்கிற வயதில் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். ஒரு போர்வை, ஒரு டப்பா பீன்ஸ், ஒரே பேன். அப்படிப்பட்டவனுக்கு இல்லை, கோழிக்காரனுக்கு உண்டு.

ஜாஸிப்பின் பட்டறை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு சின்ன லேத்து, ஒரு மேஜை, பின்பக்கம் துண்டு முற்றம். சாக்கைக் கொட்ட விடமாட்டான். தரையில் துணி விரித்து, ஒவ்வொரு கூடாக எடுத்து, கவிழ்த்து, அடியைப் பார்த்துத்தான் வைப்பான். தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அந்தப் பொட்டில் குழி விழுந்திருந்தால் வெடித்த தோட்டா. குழி இல்லையென்றால் ஜாஸிப் அதை லேத்துப் பக்கமே கொண்டுபோக மாட்டான். முற்றத்தின் கடைசியில், நிழலில், மணல் வாளி ஒன்று இருந்தது. அதில் வைத்துவிட்டு வெடிகுண்டு எடுக்கும் படைக்காரர்களுக்கு ஆள் அனுப்புவான்.

"கூடு காலியாத்தானய்யா கெடக்கு. உள்ள குண்டும் இல்ல, மருந்தும் இல்ல. இதுக்குப் போயி ஆள் அனுப்புவியா?" என்று லஃப்தா கேலி செய்வான்.

"கூடு காலி. பொட்டு காலியா?"

"பொட்டுல என்ன இருக்கப் போவுது?"

"உன் ரெண்டு கண்ணையும் எடுக்கிற அளவுக்கு இருக்கு. தள்ளி நில்லு."

தள்ளித்தான் நிற்பான் லஃப்தா, வேறு காரணத்துக்காக. பட்டறைக்குள் சிகரெட் கூடாது. லஃப்தாவோ ஒன்றின் நெருப்பில் இன்னொன்றைப் பற்ற வைக்கிறவன். அதனால் தெருவில் நின்று ஜன்னல் வழியாகத்தான் அவர்களுடைய பேச்செல்லாம். ஜாஸிப் கையுறை போட்டுக்கொண்டு கூடுகளைச் சோப்பும் காடியும் கலந்த நீரில் ஊற வைப்பான். கரித்தூளில் ஈயம் இருக்கிறதாம், மூக்கில் போனால் ரத்தத்தில் தங்கிவிடுமாம். மூக்கைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்ப்பான், தூசி பறக்கக் கூடாது என்று. கண்ணாடி மாட்டாமல் லேத்தைச் சுழற்ற மாட்டான். ஒரு கூடு உடம்புக்கு, ஒரு கூடு மூடிக்கு. முனையில் குண்டு மாதிரி கூராகத் தெரிவது குண்டு இல்லை, பித்தளைக் கம்பியில் அவனே கடைந்தது. "நெசக் குண்ட நான் தொடமாட்டேன். அது எங்க போயிட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்பான்.

"ஒரு பேனாவுக்கு இம்புட்டுத் தொடப்பா? பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி."

"புள்ளையும் நான்தான் குளிப்பாட்டினேன். போய் விசாரி."

உண்மைதான். எத்தனையோ வருஷம் நேர்ச்சை வைத்து, கர்பலாவுக்கு நடந்து, கடைசியில் பிறந்த ஒரே பிள்ளை ரபாப். அவள் பிறந்த நாளிலிருந்து அவன் அபூ ரபாப், ரபாப்பின் தகப்பன். கடைத்தெருவில் பாதிப் பேருக்கு ஜாஸிப் என்கிற பெயரே மறந்து போனது.

பள்ளிக்கூடம் விட்டதும் ரபாப் நேராகப் பட்டறைக்கு வந்து ஜன்னல் திண்டில் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். அப்பன் செய்த பேனாவால்தான் எழுதுவாள். எழுதிக்கொண்டே திட்டுவாள்.

"வாப்பா, இது பேனாவா பீரங்கியா? ரெண்டு பக்கம் எழுதினா மணிக்கட்டு கழண்டு போவுது."

"பரிச்சைல நீ எழுதற கனத்துக்கு வாத்தியாருங்க ஓடணும்மா."

"லஃப்தா மாமா, நீங்களாவது கேளுங்க."

"நான் என்னத்தக் கேக்க. எனக்கு எழுதத் தெரிஞ்சாத்தானே கனம் தெரியும்."

உடனே அவள் லஃப்தாவுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினாள். அவன் பெயரின் முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி இருக்கும். அதை அவள் சொன்னபடி சாக்கின் மேல் கரியால் போட்டுப் போட்டுப் பழகினான். அந்த ஒரு எழுத்தோடு படிப்பு நின்றது. பொறுமை இல்லாதது அவன்தான்.

பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷ அரசாங்கப் பரிச்சை முடிவு வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம் வந்தது. ரபாப் பாஸ். சாதாரண பாஸ் இல்லை, மருந்தாளர் படிப்புக்குப் போகிற பாஸ். தாய்க்காரி உம்மு ரபாப் குலவையிட்டதில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மிஸ்பான் துப்பாக்கியோடு ஓடிவந்தான். ஜாஸிப்பின் சித்தப்பா மகன், லாரி ஓட்டுகிறவன், வெள்ளை மனசு, ஓட்டை வாய்.

"அபூ ரபாப்! உத்தரவு குடு. வானத்தக் கிழிச்சிருவோம்."

"வேண்டாம் மிஸ்பான். இனிப்பு எடுத்துக்க. என் வாசல்ல சத்தம் வேண்டாம்."

மிஸ்பானுக்கு முகம் தொங்கிப் போனது. ஆனாலும் வீட்டுக்காரன் சொல்லுக்குக் கட்டுப்பட்டான். அந்தச் சந்தில் அன்று ஒருவனும் சுடவில்லை. ஆனால் அமாராவில் அந்த ஒரு சந்துதானா இருக்கிறது? அடுத்த தெருவில் ஆரம்பித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. பிள்ளை பாஸான வீட்டு மொட்டை மாடிதோறும் படபடவென்று பொரிந்தது.

மாடியில் தக்காளி விழுது தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி விருந்துக்கு, இலையில் அரிசி சுருட்டி வேகவைக்கிற டோல்மா செய்ய ஒரு தட்டு எடுத்துவர ரபாப் மேலே போனாள். உம்மு ரபாப் கீழே இலை கழுவிக்கொண்டிருந்தாள். மேலே தட்டு விழுகிற சத்தம் கேட்டது. "கொட்டிட்டியாடீ?" என்று கத்தினாள். பதில் இல்லை. படியேறிப் போய்ப் பார்த்தவளுக்கு முதலில் தக்காளிதான் கொட்டியிருக்கிறது என்று தோன்றியதாம். குனிந்து கையால் வழித்துத் தட்டில் போடப் போனாளாம். அது சூடாக இருந்ததாம்.

ரபாப்பின் தலையில் இறங்கியது யாருடைய குண்டு? யாருடையதும் இல்லை. ஒருத்தன் ஒருத்தனைக் கொன்றால் எங்கள் பக்கம் குலத்தார் வருவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், தலை குனிவார்கள், ஒரு முடிவு உண்டு. மேலிருந்து விழுந்ததற்கு எந்தக் குலம் வந்து உட்காரும்? "வானத்துக்குச் சுட்டது, வானத்துலேர்ந்து வந்துச்சு, இறைவன் எழுத்து" என்று ஹாஜி முத்தஷர் சொன்னார். அவர்தான் குலத்துக்குப் பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலையில் ரபாப்பின் பெட்டியை அடக்கத்துக்கு நஜஃபுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. வண்டியின் மேல் பெட்டியை வைத்துக் கயிற்றால் இறுக்கியவன் லஃப்தா. முன்சீட்டில் ஜாஸிப் உட்கார்ந்தான். வண்டி உறுமியதும் சந்தின் இரண்டு பக்கமும் நின்ற ஆட்கள் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துத் தூக்கினார்கள்.

கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது. குலத்துப் பிள்ளை போகிறாள், சும்மா அனுப்பலாமா? மரியாதை. மிஸ்பான், ஹாஜி முத்தஷர், கோழிக்காரன் எல்லோரும் சுட்டார்கள். மிஸ்பான் அழுதுகொண்டே சுட்டான். மூக்கு ஒழுக, கண் தெரியாமல், மேகஸின் மாற்றி மாற்றிச் சுட்டான். "கல்யாணத்துக்குச் சுட வேண்டியதையும் சேத்துச் சுட்டுட்டேன் புள்ளைக்கு" என்று பிறகு லஃப்தாவின் தோளில் விழுந்து கதறினான். அவன் அழுகையில் பொய் இல்லை.

ஜாஸிப் வண்டியிலிருந்து குதித்தான். வாயைத் திறந்து கத்தினான். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சட்டென்று சக்கரத்தில் கால் வைத்து வண்டி மேல் ஏறி, பெட்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். இரண்டு கையையும் விரித்துப் பெட்டியின் தலைப்பக்கத்தை மூடிக்கொண்டான். துக்கம் தாங்காமல் கட்டிப்பிடிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெண்கள் ஓவென்று அலறினார்கள். அவன் கட்டிப்பிடிக்கவில்லை. மேலிருந்து விழப்போகிறதற்கு அவளை மறைத்தான். அந்தக் கூட்டத்தில் அது லஃப்தாவுக்குத்தான் புரிந்தது.

அடக்கம் முடித்துத் திரும்பினபோது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சந்தில் துக்கப் பந்தல் போட்டுக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே பொடிசுகள் தோட்டாக்கூடு பொறுக்கிக்கொண்டிருந்தன. கூட்டின் வாயில் உதடு வைத்து ஊதினால் விசில் வரும், அதற்குத்தான் போட்டி. ஒரு வாண்டின் கையில் இருந்ததற்கு விசில் வரவில்லை. அவன் அதைப் படிக்கல்லில் கவிழ்த்து நிறுத்தி, அடியில் ஆணி வைத்து, இன்னொரு கல்லை ஓங்கிவிட்டான். வெடிக்காத தோட்டா. அவசரத்தில் மேகஸின் மாற்றின எவன் கையிலிருந்தோ நழுவினது.

ஜாஸிப் ஓடவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினான். "இத எனக்குத் தர்றியா ராசா? நான் விசில் வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்." பிள்ளை யோசித்து, கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கொடுத்தான்.

அதை மணல் வாளியில் வைத்துவிட்டு வந்து, வீட்டிலிருந்து விளக்குமாறு எடுத்து, ஜாஸிப் சந்தைக் கூட்ட ஆரம்பித்தான். மகளைப் புதைத்த அன்று, துக்கம் கேட்க வந்த ஜனங்கள் பார்க்க, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. "விடுங்க, புத்தி கலங்கியிருக்கு" என்றார் ஹாஜி முத்தஷர். லஃப்தா ஒன்றும் கேட்காமல் சாக்கு வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

நாற்பதாம் நாள் வரைக்கும் பட்டறைக் கதவு உள்பக்கம் பூட்டிக் கிடந்தது. லேத்துச் சத்தம் மட்டும் வரும். லஃப்தா ஜன்னல் வழியாகப் பார்ப்பான். சாதாரணமாக ஜாஸிப் காந்தத்தில் ஒட்டுகிற இரும்புக் கூட்டைக் கையால் தொடமாட்டான், பித்தளை மட்டும்தான். இந்தத் தரம் இரும்பையும் விடவில்லை. துருவைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிமாதிரி ஆக்கினான். அப்போதும் ஒவ்வொரு பொட்டையும் பார்த்தான். அப்போதும் தாளை நனைத்தான்.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவினதும் ஜாஸிப் ஒரு துணிப் பொதியோடு வந்தான். யார் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரிடமும் போய், "இது உங்க துப்பாக்கிலேர்ந்து விழுந்தது. வச்சுக்கங்க" என்று சொல்லி ஒரு பேனா கொடுத்தான். ஹாஜி முத்தஷர் எழுந்து நின்று அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மிஸ்பான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கோழிக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். "புள்ளைய பறிகொடுத்தவன் நமக்கு மரியாதை செய்யிறானே" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

லஃப்தா வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். பொதி காலியானது. ஜாஸிப் துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டான்.

பெட்டியைக் கட்டினவன் நான், சாக்கைப் பிடித்தவன் நான். இப்படியெல்லாம் லஃப்தாவுக்குள் ஓடியது. வாய் வரை வந்ததை டீயோடு விழுங்கினான். மறுநாளும் சாக்கைச் சுமந்துகொண்டு பட்டறைக்குப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை, அதுதான் அவன் கேடு.

அவனுக்கு இன்னொரு சங்கடம், கூப்பிடுவது. அபூ ரபாப் என்று வாய் திறந்தால் அவள் பெயர் வந்து விழுகிறது. கொஞ்ச நாள் "ஏய்", "இந்தா" என்று ஒப்பேற்றினான். ஜாஸிப் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"என் பேர் என்னடா?"

லஃப்தா சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"கூப்பிடு. நீயும் கூப்பிடலன்னா அந்தப் பேர யாருடா சொல்லுவா?"

பேனா வாங்கினவர்கள் கொஞ்ச மாசத்தில் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன் மிஸ்பான். லஃப்தா வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே புகை விட்டுக்கொண்டு நின்றான்.

"அபூ ரபாப், மை தீந்து போச்சு."

"கடையில ரீஃபில் வாங்கிப் போட வேண்டியதுதானே."

"ஊர்ல இருக்கிற ரீஃபிலெல்லாம் வாங்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் உள்ள போகல. என்ன அளவுல செஞ்சு தொலச்ச?"

"என் அளவு. இப்படிக் குடு." ஜாஸிப் பேனாவைக் கழற்றினான். ஒரு ரீஃபிலை எடுத்து அடியை வெட்டிச் சீவிச் சின்னதாக்கினான். அதைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டான். "கடசியா எப்ப சுட்ட?"

"போன வியாழக்கிழம. மச்சினன் கல்யாணம்."

"நெறையவா?"

"சேச்சே. ஒரே ஒரு மேகஸின்."

"எங்க விழுந்துச்சு?"

மிஸ்பான் கூரையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். ஜாஸிப் பேனாவை மூடித் துடைத்து நீட்டினான். "தீந்தா வா" என்றான்.

எல்லோருக்கும் அதே கேள்விதான். ஹாஜி முத்தஷர் வந்தாலும் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பிறகு கேட்பான். "ஹாஜி, எங்க விழுந்துச்சு?" அவர் இருமுவார். சிலர் வெட்கப்பட்டு மை தீர்ந்த பேனாவையே பையில் குத்திக்கொண்டு அலைந்தார்கள். ஆனால் சுடுவதை விடவில்லை. பந்து விளையாட்டில் ஜெயித்தால் சுட்டார்கள், மாப்பிள்ளை வந்தால் சுட்டார்கள், மையித்துப் பெட்டி போனால் சுட்டார்கள். துப்பாக்கி தூக்குகிற கைக்குக் கீழே, நெஞ்சில், அந்தப் பேனா வெயிலில் மின்னும்.

பரிச்சை முடிவு வருகிற நாளில் மட்டும் ஜாஸிப் பட்டறையில் வேலை செய்யமாட்டான். அந்தக் கூரை காங்கிரீட், அதற்கு மேல் அவன் இன்னொரு அடுக்குப் போட்டிருந்தான். காலையிலேயே தெருவில் இறங்கி, கையில் கிடைத்த பொடிசுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார வைப்பான். உம்மு ரபாப் பேரீச்சம்பழம் வைத்த குலைச்சாப் பலகாரம் சுட்டு அனுப்புவாள். சத்தம் ஓயும்வரை வாசலில் காலை நீட்டி மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஜெயிலர்" என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்.

அப்படி ஒரு வருஷம் மிஸ்பானின் மகள் பாஸானாள். மிஸ்பான் மாடியேறிவிட்டான் என்று கேட்டதும் ஜாஸிப் பிள்ளைகளை லஃப்தாவிடம் விட்டுவிட்டு வெறுந்தலையோடு போய்ச் சந்து நடுவில், மிஸ்பான் வீட்டுக்கு எதிரே நின்றான்.

"அபூ ரபாப், உள்ள போ!" என்று மேலேயிருந்து கத்தினான் மிஸ்பான்.

"நீ சுடு. நான் இங்கதான் நிப்பேன்."

"பைத்தியமா உனக்கு? எம்பொண்ணு பாஸாயிருக்காய்யா!"

"எம்பொண்ணும்தான் பாஸானா."

மிஸ்பான் துப்பாக்கியை இறக்கினான். பிறகு தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து ஜாஸிப்பைக் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப்போனான். அன்று அந்த மாடியிலிருந்து ஒன்றும் போகவில்லை. பட்டறை வாசலில் இதைக் கேட்ட லஃப்தாவுக்கு, அட, ஒருத்தன் திருந்திட்டானய்யா என்று தோன்றியது. ஜாஸிப்பின் முகத்திலும் அன்று கொஞ்சம் ரத்தம் ஓடியது. டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தான்.

ஆனால் குலத்தார் கூடும் முதீஃபில் மிஸ்பானைச் சும்மா விட்டார்களா? "ஏம்ப்பா, மவ பாஸானதுக்கு ஒரு பட்டாசு கூட இல்லையா, தோட்டாவ அடகு வச்சுட்டியா, இல்ல பேனா வச்சுச் சுட்டியா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த மாசம் ஹாஜி முத்தஷரின் பேரன் கல்யாணத்தில் மிஸ்பான் வட்டியும் முதலுமாகச் சுட்டான். மறுநாள் காலை ஜாஸிப் விளக்குமாறோடு அங்கே போய்க் கூட்டினான்.

பிறகு ஜாஸிப்புக்கு ஈரல் கெட்டது. பஸ்ரா ஆஸ்பத்திரிக்கும் பாக்தாத் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வயிறு ஊதி, கை கால் சுள்ளியாகி, மஞ்சளாகக் கிடந்தான். லஃப்தா தினமும் காலையில் எருமைப்பால் ஆடையும் சூடான ரொட்டியும் வாங்கிக்கொண்டு போவான். ஜாஸிப் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "நீ தின்னு" என்பான். லஃப்தா தின்னுவான். தின்றுகொண்டே அழுவான்.

ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"அபூ ரபாப், ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காத."

"கோச்சுக்க ஈரல் வேணும்டா. அது போயிருச்சு. கேளு."

"கோழிக்காரனுக்குக் குடுத்த. மிஸ்பானுக்குக் குடுத்த. எனக்கு ஏன் ஒரு பேனா குடுக்கல?"

ஜாஸிப் அவனையே பார்த்தான். அவனுக்கு முதலில் என்ன பேச்சு என்றே புரியவில்லை. புரிந்ததும் மஞ்சள் கண் அகன்றது.

"இத இத்தன வருஷமா வச்சிருக்கியா?"

"ஆமா."

"மடையா. நீ சுடலையேடா. உனக்கு எதுக்கு அது?"

லஃப்தா வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டில் வைத்தான். மரியாதை என்று நினைத்து இத்தனை வருஷம் அவன் வயிறெரிந்தது என்ன, அந்தப் பேனா என்ன!

"பையில கனக்கணும்னு குடுத்தேன்" என்றான் ஜாஸிப். "என் புள்ள சொல்லுவால்ல, பீரங்கி மாதிரி கனக்குதுன்னு. அவனுங்களுக்குக் கனக்கல."

அன்றைக்குப் பிற்பகல் குலத்துப் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நடுவில் இருந்தது ஒரு திரை. "கவலப்படாத உம்மு ரபாப்" என்று ஹாஜி முத்தஷரின் குரல் கேட்டது. "எங்க தம்பிய அநாத மாதிரி அனுப்பமாட்டோம். அமாரா மொத்தமும் திரும்பிப் பாக்கிற மாதிரி அனுப்பி வப்போம்." மிஸ்பான் மூக்கைச் சிந்துகிற சத்தமும் கேட்டது. "புதுப் பெட்டி பிரிச்சு வச்சிருக்கேன் ஹாஜி" என்றான் அவன். தோட்டாப் பெட்டியைத்தான் சொன்னான். அன்பினால்தான் சொன்னான்.

ஜாஸிப் லஃப்தாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போயி சொல்லு. எனக்கு வேண்டாம்னு சொல்லு. ஒண்ணு கூட வேண்டாம்."

லஃப்தா திரையை விலக்கிக்கொண்டு போனான். பெரியவர்கள் நடுவில் நின்று பேசிப் பழக்கமில்லாதவன், காயலான் கடைக்காரன். இருந்தாலும் சொன்னான்.

"ஹாஜி, அவரு ஒரு குண்டும் வேண்டாங்கிறாரு."

"அவன் அடக்கமானவன், அப்படித்தான் சொல்லுவான். நாம செய்யாம இருந்தா ஊர் என்ன பேசும்? நாதியத்தவன்னு பேசாதா?"

"ஊர் பேசட்டும் ஹாஜி. அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணு. புள்ள போன வழியில வேண்டாங்கிறாரு."

"லஃப்தா, நீ குலத்துக்கு வெளி ஆளு. உனக்கு இது வெளங்காது."

லஃப்தாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "வெளங்குது ஹாஜி. அன்னிக்கு அவரு பொட்டி மேல ஏறிப் படுத்தாரே, எதுக்குன்னு நெனச்சீங்க? உங்க குண்டு புள்ள மேல திரும்பவும் விழாம இருக்கத்தான் படுத்தாரு. இப்ப இவரு மேல யாரு படுக்கிறது?"

மிஸ்பான் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஹாஜி முத்தஷர் டீக் கிளாஸை ரொம்ப நேரம் சுழற்றினார். பிறகு எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "பாக்கலாம். இன்ஷா அல்லாஹ்" என்றார்.

லஃப்தா உள்ளே திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லலாமா என்று லஃப்தா யோசித்தான். பதுங்குகுழியிலிருந்து இதுவரை ஜாஸிப்பிடம் அவன் பொய் சொன்னதில்லை. "பாக்கலாம்னாரு ஹாஜி" என்றான்.

ஜாஸிப் சிரித்தான். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து லஃப்தா போர்வையை இழுத்துவிட்டான். அப்போது ஜாஸிப் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"லஃப்தா."

"சொல்லு, அபூ ரபாப்."

"நீ நஜஃபுக்கு வரவேண்டாம். என்னோட வர்றதுக்கு ஆள் இருக்கு."

"வராம எப்படிய்யா?"

"சொல்றதக் கேளு. அவனுங்க சுடுவானுங்க. வண்டி நகந்ததும் நீ சந்துலயே நில்லு. விளக்குமாறு கதவுக்குப் பின்னால இருக்கு. ஒவ்வொண்ணா அடியப் பாத்து எடு. பொட்டுல குழி இல்லாதது கெடைக்கும், மிஸ்பான் அவசரக்காரன். பொடிசுங்க வந்து பொறுக்கிறதுக்கு முன்னாடி தெருவக் கூட்டிரு."